பேரீச்சம்பழத்தில் ஓர் எலிக்குஞ்சு

பெருநாள் பலகாரம் சுடும்போது எண்ணெய்ச் சட்டிப் பக்கம் பிள்ளைகளை அண்டவிடுவதில்லை. அவர்கள் கைக்கும் ஒரு வேலை கொடுப்போமா? மேல்நாடுகளில் ஒக்டோபர் 31இல், ஹலோவீனுக்காகச் சொக்லேட்டில் வௌவாலும் பூனையும் செய்வார்கள். நம் கல்முனைப் பிள்ளைகள் பெருநாளுக்குப் பேரீச்சம்பழத்திலேயே எலி செய்யலாம்.

கொட்டையை எடுத்துவிட்டு, உருக்கிய சொக்லேட்டில் பழத்தைத் தோய்த்து எண்ணெய் தடவிய தட்டில் வையுங்கள். இறுகுமுன் இரண்டு கஜுப் பருப்பால் காது, எள்ளால் கண், தேங்காய்ச் சொட்டில் சீவிய மெல்லிய கீற்றால் வால். காது கோணினாலும் பிள்ளை வைத்தபடியே விடுங்கள். அந்தக் கோணல்தான் அழகு.

சொக்லேட்டை நேரே அடுப்பில் வைத்தால் கருகிவிடும். சுடுநீர்ச் சட்டிமேல் கோப்பையை வைத்து உம்மா உருக்கட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் திரண்டு கட்டியாகிவிடும், கவனம். கொக்கோ வெண்ணெய் சுமார் 34 பாகை செல்சியஸில் உருகிவிடும். நம் கரையோரத்துப் பகல் வெயிலில் எலி நில்லாது. சுபஹுக்குப் பிறகு, வெயில் ஏறுமுன் செய்து பிரிட்ஜில் வையுங்கள். வாங்கும்போது ஹலால் குறியையும் பாருங்கள். சில சொக்லேட்டுகளுக்குள் மது கலந்த பூரணம் இருக்கும்.