பாராத படத்தின் நினைவு

இசைத்தட்டொன்றைக் கேட்டவர்கள் அதன் இனிமையைப் பேசுவர். இல்லையேல் குறையைப் பேசுவர். 1998 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் இங்கிலாந்திலே வெளிவந்த ஓர் இசைத்தட்டைக் கேட்டவர்களோ, பெரும்பாலும் தத்தம் பிள்ளைப்பருவத்தைப் பற்றியே பேசலாயினர். ‘மியூசிக் ஹாஸ் த றைட் டு சில்ட்ரன்’ என்பது அத்தட்டின் பெயர். குழந்தைகள்மீது இசைக்கு உரிமையுண்டு என்பது பொருள். அதனை ஆக்கியோர் மைக்கல் சாண்டிசன், மார்க்கஸ் ஓவென் என்னும் ஸ்கொத்லாந்துச் சகோதரர் இருவர்.

‘போட்ஸ் ஒவ் கனடா’ என்று அவர்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர், 1939 இல் நிறுவப்பெற்ற கனடாத் தேசியத் திரைப்படச் சபையின் பெயரைத் தழுவியது. அச்சபையின் இயற்கைப் படங்களும் விஞ்ஞானப் படங்களும் பாடசாலைகளிற் காட்டப்பட்டவை. சகோதரர் இருவரும் சிறுவயதிற் சிலகாலம் கனடாவில் வாழ்ந்தவர்கள். பழைய படச்சுருள்களின் பின்னணியில் எழுந்த மங்கலான இசை அவர்களுடைய செவியிற் பதிந்திருந்தது. இலத்திரனியல் வாத்தியங்களைக் கொண்டு, விரைவு குறைந்த தாளத்தின்மேல், அம்மங்கலையே அவர்கள் மீண்டும் படைத்தனர்.

அப்படங்களைக் கண்டு வளர்ந்த நேயர், யன்னல் மூடிய வகுப்பறையையும் படக்கருவியின் இரைச்சலையும் நினைவுகூர்வதில் வியப்பில்லை. வியப்பு வேறோரிடத்தில் உளது. அவற்றுள் ஒன்றையேனும் காணாதவர்கள், படச்சுருள் வழக்கொழிந்தபின் பிறந்தவர்கள், இவர்களும் இவ்விசையை முன்னெங்கோ கேட்டதுண்டு என்கின்றனர். கேளாத ஒன்று நினைவில் இருப்பது எங்ஙனம்?

ஒலிநாடா சீராக ஓடாதவிடத்துச் சுருதி சற்றே ஏறியும் இறங்கியும் அசையும். பழைய பதிவுகளிற் பழகிய செவி அவ்வசைவைப் பழமையின் அடையாளமாகக் கொள்ளும். சகோதரர் அதனை வேண்டுமென்றே இசையிற் புகுத்தினர். ஆகவே நேயர் உணர்வது குறித்த ஒரு நினைவன்று. நினைவு வருகின்றது என்னும் உணர்ச்சியே. அவ்வெற்றிடத்திலே தம் வீட்டையும் தாயின் குரலையும் வைத்து நிரப்புகின்றவர் அவரேயாவர். இதனை ஏமாற்று என்று தள்ளுவாரும் உளர். அது கடுமையான தீர்ப்பு. அரிச்சந்திர நாடகத்தைப் பார்த்து அழுபவர் எவரும் மயானம் காத்தவரல்லர்.

சலிப்பென்று கூறுவோரின் வாதம் வேறு. தாளம் ஒரே வட்டத்திற் சுழல்கின்றது, பாட்டென்று சொல்லத்தக்கது இல்லை, பல பகுதிகள் தொடங்குமுன்னரே மறைகின்றன என்பர். இதனை முற்றாக மறுத்தற்கில்லை. நடுப்பகுதியிற் செவி களைப்படைவது உண்மையே. ஆனால் ‘றோய்ஜிபிவ்’ என்னும் பகுதியைக் கேட்டபின் இக்குறையை அழுத்திச் சொல்வது எளிதன்று. வானவில்லின் நிறங்களுடைய ஆங்கில முதலெழுத்துக்களாலாய பெயர் அது. தடித்த கீழ்ச்சுரங்களின்மேல் எளிய மெட்டொன்று தோன்றி, இரண்டரை நிமிட அளவிலே, நெஞ்சிற் படிந்தும் படியாமலும் முடிந்துவிடுகின்றது.

இனிமையும் சலிப்புமன்றி, அச்சத்தைக் கூறும் நேயரும் உளர். அவர்களுடைய செவி கூர்மையானது. ‘அக்குவேறியஸ்’ என்னும் பகுதியில் ஒரு குரல் எண்களைச் சொல்லிச் செல்கின்றது. சிறிது தூரம் ஒழுங்காகச் சென்று, பின்னர் வரிசை தவறித் தடுமாறுகின்றது. பள்ளிக்கூடத்து எண்ணிக்கையை இவ்வாறு குலைப்பது தற்செயலன்று. தட்டின் உறையிலே, கனடாவின் பான்ஃப் மலைநகரில் எடுக்கப்பெற்ற குடும்பப் படமொன்று உளது. பெரியோரும் சிறுவரும் வரிசையாக நிற்கின்றனர். ஒருவருக்கேனும் முகமில்லை, யாவும் அழிக்கப்பட்டுள்ளன. இரவில் தனித்திருந்து இத்தட்டைக் கேட்கவொண்ணாது என்போர் முதலிற் சுட்டிக்காட்டுவது அவ்வுறையையே.