பால்மரமும் விமானச் சக்கரமும்



ஆறு மாதங்களுக்கு முன் கோலாலம்பூரில் நடந்த ஆசிரியர் பயிற்சி வகுப்புக்குச் செல்லவேண்டியிருந்தது. ஜொகூர் பாருவிலிருந்து பேருந்தில் போவதே என் வழக்கம். அன்று நேரமில்லாததால் செனாய் விமான நிலையத்துக்குப் போனேன். நல்ல மழை. விமானம் புறப்படத் தாமதமாகும் என்றார்கள்.

பக்கத்து நாற்காலியில் முப்பது வயது மதிக்கத்தக்க தம்பி ஒருவர். விமானப் பராமரிப்புப் பொறியாளராம். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஊர் கூலாய் பக்கத்துத் தோட்டம். இப்போது அங்கே எல்லாம் செம்பனை.

"எங்கம்மா பால்மரம் வெட்டினவங்க டீச்சர். அந்த மரத்துப் பாலில்லாம இந்த விமானம் இறங்காது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. கண்ணாடி வழியே தெரிந்த சக்கரங்களைக் காட்டி விளக்கினார். கார் டயர்களில் செயற்கை ரப்பரும் நிறையக் கலப்பார்கள். விமான டயருக்கோ இன்றும் இயற்கை ரப்பரே முக்கியம். வானத்தில் சுழலாமல் தொங்கிய சக்கரம், தரையைத் தொட்ட மறுகணம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடவேண்டும். மேலே இருப்பதோ பல டன் பாரம். அந்த அடியைத் தாங்கிக் கிழியாமலும், உள்ளே சூடு அதிகம் ஏறாமலும் இருக்கும் குணம் பால்மரத்து ரப்பருக்கு உண்டு. டயருக்குள் அடைப்பது நைட்ரஜன். சாதாரணக் காற்றாக இருந்தால் அதிலுள்ள ஈரம் உயரத்துக் குளிரில் உறைந்துவிடும். பிரேக் சூட்டில் தீப்பற்றவும் கூடும். அழுத்தம் கார் டயரைப் போல் சுமார் 6 மடங்கு. மேல்பகுதி தேய்ந்தால் புது ரப்பர் ஒட்டிப் பலமுறை பயன்படுத்துகிறார்கள்.

இருபது ஆண்டுகளாக 'ரப்பரின் பயன்கள்' என்று காலணி, குழாய், அழிப்பான் எனப் பலகையில் எழுதி வந்திருக்கிறேன். விமானத்தை ஒருநாளும் எழுதியதில்லை!

"இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் தம்பி?" என்று கேட்டேன்.

எஸ்.பி.எம். முடிந்ததும் கூட்டாளிகளோடு மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போகத்தான் இருந்தாராம். உடனே வெள்ளி கையில் கிடைக்குமே! அம்மாதான் விடவில்லை. கணிதம், இயற்பியல், ஆங்கிலம் மூன்றிலும் தேறியிருந்ததால் விமானத் தொழில்நுட்பப் படிப்புக்கு மனுப் போட்டார். டெங்கிலில் கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் கல்விக்கழகம் ஒன்று இதற்கென்றே இருக்கிறது. படித்து, சில ஆண்டுகள் உதவியாளராக வேலை பார்த்து, தேர்வுகள் எழுதி உரிமம் பெற்றார். பழுது பார்த்த விமானம், உரிமம் பெற்றவர் கையெழுத்திட்ட பிறகே பறக்கலாம்.

ஊர் திரும்பியதும் இதை எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். அவர் மகன் என் பழைய மாணவன், எஸ்.பி.எம். முடித்தவன். அவனுக்கும் சிங்கப்பூரில் வேலை பேசி வைத்திருந்தார்.

"பார்ப்போம் டீச்சர்" என்றார்.

போன வாரம் அவன் தங்கை வகுப்பில் சொன்னாள்: அண்ணன் பாரத்தை எழுதி முடித்துவிட்டானாம். அப்பாவின் கையெழுத்துதான் பாக்கியாம்.