சிவப்பு அட்டையும் நீல அட்டையும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள் பெரியவர்கள். இன்னொரு நாட்டில் குடியேறிப் பார் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். ஏனெனில் குடியேற்றம் என்பது விமான டிக்கெட்டோடு முடிகிற காரியமல்ல. அதற்கு மூன்று படிகள் உண்டு. நுழைவதற்கு அனுமதி, நிலையாகத் தங்குவதற்கு அனுமதி, அதன் பிறகு குடியுரிமை. ஒரு படியில் நின்றுகொண்டு அடுத்த படியையும் ஏறிவிட்டதாக நினைப்பதால்தான் பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தவிக்கின்றன.

இதை நம் சமுதாயம் அனுபவத்தில் கண்டிருக்கிறது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் 'ரஜுலா' கப்பல் ஏறியவர்களில் பலர், அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட கிள்ளான் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். தோட்டத்தில் பேர் பதிந்தார்கள், பால்மரம் வெட்டினார்கள், பிள்ளை குட்டிகளைப் பெற்றார்கள். 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலை பெற்றபோது, குடியுரிமைக்கு மனுச் செய்யும் வழி சட்டத்தில் இருந்தது. "துரை ஆபீசில் பேர் இருக்கிறது, அது போதாதா?" என்று இருந்தவர்கள் உண்டு. "என்றைக்காவது ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம்" என்று இருந்தவர்களும் உண்டு.

பிறகு 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றது. 1969க்குப் பிறகு சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. அவர்களில் பலர் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த மண்ணில் கழித்தவர்கள். உழைப்பு இருந்தது, பத்திரம் இல்லை.

இன்றும் அடையாள அட்டையின் நிறம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. நீலம் என்றால் குடிமகன். சிவப்பு என்றால் நிரந்தர வசிப்பிடத் தகுதி. பச்சை என்றால் தற்காலிக வசிப்பு. சிவப்பு அட்டை வைத்திருப்பவர் இங்கே வாழலாம், வேலை செய்யலாம். ஆனால் வாக்களிக்க முடியாது, மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது.

கிள்ளான் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த இரண்டு சகோதரிகளைக் கற்பனை செய்து பாருங்கள். அக்காள் தமிழ்நாட்டில் பிறந்து, மூன்று வயதில் கப்பலில் வந்தவர். தங்கை 1955இல் இங்கேயே பிறந்தவர். இருவர் கையிலும் சிவப்பு அட்டை. ஆனால் இருவருக்கும் சட்டம் காட்டும் வழி வேறு. சுதந்திரத்துக்கு முன் இந்நாட்டில் பிறந்த தங்கைக்கு அரசியலமைப்பின் 16ஆவது விதி பொருந்தும். கடந்த ஏழாண்டுகளில் மொத்தம் ஐந்தாண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், தேசிய மொழியில் அடிப்படை அறிவு வேண்டும். இவை இருந்தால் குடியுரிமை பெற அவருக்கு உரிமை உண்டு என்கிறது அந்த விதி. அக்காளுக்கு 19ஆவது விதி. 12 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும், தேசிய மொழியில் போதிய அறிவு வேண்டும். எல்லாம் இருந்தாலும் கொடுப்பதா வேண்டாமா என்பது அரசாங்கத்தின் விருப்பம். எனவே மனுப் பாரத்தை எடுப்பதற்கு முன், எந்த விதியின் கீழ் மனுச் செய்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்வதே முதல் வேலை. பிறந்த இடத்தைக் காட்டும் பத்திரம் அங்கே பொன்னுக்குச் சமம்.

புதிதாக வருகிறவர்களின் கதை இன்னொன்று. பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் வேலை செய்யும் இளைஞர்கள் வைத்திருப்பது தற்காலிக வேலைப் பாஸ். அது ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. குடும்பத்தை அழைத்து வர இடம் தராது. எத்தனை ஆண்டு உழைத்தாலும் அது தானாக சிவப்பு அட்டையாக மாறாது. "பணம் கட்டுங்கள், பி.ஆர். வாங்கித் தருகிறேன்" என்று சொல்கிற ஏஜெண்டை நம்பினால், பணமும் போகும், பாஸ் காலாவதியாகி சிறைவாசமும் வரும்.

மலேசியரை மணந்து வருகிறவர்களுக்கு வழி உண்டு. முதலில் நீண்டகால சமூக வருகைப் பாஸ். அதில் சில ஆண்டுகள் தொடர்ந்து வசித்த பின் நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கு மனு. மனைவியாக வந்தவர் அதன் பிறகு 15ஆவது விதியின்படி குடியுரிமை கேட்கலாம். கணவராக வந்தவருக்கு அந்த விதி இல்லை. அவர் 19ஆவது விதியின் வழியாகத்தான் போக வேண்டும்.

இங்கேதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். கோயிலில் தாலி கட்டினால் கல்யாணம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். 1982 மார்ச்சு 1ஆம் தேதி முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளை தாயின் குடியுரிமை நிலையையே பெறும். தந்தை நீல அட்டைக்காரராக இருந்தாலும், தாய் வெளிநாட்டவரானால் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. மேளம் கொட்டி, ஊரைக் கூட்டிச் செய்த திருமணம்; ஒரு கையெழுத்து இல்லாததால் பள்ளிக்கூட வாசலில் பிள்ளை தவிக்கிறது. அதே போல பிறப்பை 60 நாட்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். தாமதமானால் விசாரணை, சாட்சி என்று அலைச்சல்தான்.

மாற்றங்களும் வந்திருக்கின்றன. 60 வயதைக் கடந்த சிவப்பு அட்டை இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று 2018 செப்டம்பரில் அரசாங்கம் அறிவித்தது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிரசவிக்கும் மலேசியத் தாய்க்கும் தந்தைக்கு நிகரான உரிமையைத் தந்தது. அதே திருத்தம், பிள்ளைகளுக்காக மனுச் செய்யும் வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. ஆகவே பிள்ளை பெரியவன் ஆகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களுக்குக் காலம் சுருங்கிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, பழைய தோட்டச் சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். பாட்டிக்குச் சிவப்பு அட்டை என்றால், அவர் எங்கே பிறந்தார் என்று இன்றே கேளுங்கள். அதைச் சொல்லக்கூடிய கடைசி சாட்சி பெரும்பாலும் அவர்தான்.