ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அப்பால்



சித்திரை பிறந்துவிட்டது. மதுரையில் காலை எட்டு மணிக்கே தார்ச்சாலை காலைச் சுடுகிறது. இந்த நேரத்தில் ஊர்ப்பயணம் என்றால் எல்லோரும் கொடைக்கானல், மூணாறு என்று மலையேறப் பார்ப்பார்கள். நான் உங்களை மலைக்குக் கூப்பிடவில்லை. மலைகளுக்கு நடுவே படுத்திருக்கும் ஒரு பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போகிறேன். மதுரையிலிருந்து போடி வண்டியில் ஏறி, சன்னலோரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இந்தத் தடத்துக்கு ஒரு கதை உண்டு. 1928இல் மீட்டர்கேஜ் பாதையாகத் தொடங்கியது. அகலப்பாதையாக்க 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனி வரை மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூனில். பெண் எடுத்ததும் கொடுத்ததும் மதுரைப் பக்கம் என்றிருக்கும் குடும்பங்களுக்கு அந்தப் பதினொரு ஆண்டுகள் சின்னக் காலமில்லை. கைப்பிள்ளையோடும் பலகார வாளியோடும் கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டே போனவர்களுக்குத்தான் இந்த ரயிலின் அருமை தெரியும்.

உசிலம்பட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை நெருங்கும். கரும்பாறை, காய்ந்த புல், இலை உதிர்ந்த முள்மரங்கள். இதுதான் ஆண்டிபட்டிக் கணவாய். வண்டி வளைந்து வளைந்து இதைக் கடக்கும்போது உள்ளே வரும் காற்று அனலாகவே இருக்கும். கணவாயைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனபிறகு பாருங்கள், மேற்கே நீலச் சுவர்போல ஒரு மலைத்தொடர் எழுந்து நிற்கும். அங்கேதான் போகிறோம்.

மதுரையை எரித்த கண்ணகி வைகைக் கரையைப் பிடித்து மேற்கே நடந்தாள், பதினான்காம் நாள் மலைமேல் வேங்கை மரத்து நிழலில் நின்று விண்ணேறினாள் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்த மலை இதுதான் என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. கூடலூருக்கு மேலே, தமிழக–கேரள எல்லைக் காட்டுக்குள் இருக்கும் மங்கலதேவிக் கோட்டம் என்னும் கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி அன்று ஒரு நாள் மட்டும் மக்களை விடுகிறார்கள். பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுகிறவர்கள் விடியுமுன்னே கிளம்பிவிடுவார்கள். அவள் பதினான்கு நாளில் நடந்த வழியில் நாம் காலைச் சிற்றுண்டி செரிப்பதற்குள் வந்துவிடுகிறோம். தேனியில் இறங்கும்போது இந்த நினைப்பு எனக்கு வராமல் இருப்பதில்லை.

ரயிலிலேயே போடி வரை போனால் இலவம்பஞ்சு பார்க்கலாம். காய் வெடிக்கும் பருவம் இது. களங்களில் பஞ்சைப் பரப்பி வைத்திருப்பார்கள். காற்றடித்தால் வெள்ளைத் துகள் தெருவெல்லாம் பறக்கும். ஏலத்தோட்டத்து வேலைக்கு மலையேறும் பெண்கள் விடியற்காலையிலேயே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நாம் சமைக்கும் பாயசத்தில் மணப்பது அவர்கள் கை பறித்த காய்தான்.

ஆனால் நமது வழி தெற்கே. தேனியிலிருந்து பஸ் ஏறினால் முதலில் வீரபாண்டி. சித்திரைக் கடைசியில் கௌமாரியம்மனுக்குத் திருவிழா. கோயிலில் கம்பம் நட்டிருப்பார்கள். பக்கத்திலேயே ஓடும் முல்லையாற்றில் குடத்தில் நீர் மொண்டுவந்து மக்கள் அந்தக் கம்பத்துக்கு ஊற்றுவார்கள். வெயில் உச்சியில் நிற்கும் மாதத்தில் அம்மனைக் குளிர்விக்க ஆற்றில் நீர் இருக்கிறது. தமிழ்நாட்டில் பாதி ஆறுகள் மணலாகக் கிடக்கும் காலத்தில் இதை நின்று யோசிக்க வேண்டும். எங்கிருந்து வருகிறது இந்தத் தண்ணீர்? சொல்கிறேன். அதற்கு முன் திராட்சை.

சின்னமனூர், உத்தமபாளையம் கடந்து கம்பம் நெருங்க நெருங்க, சாலையின் இரு பக்கமும் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்கள் வரும். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டியவரை பந்தல்தான். வெளியே நின்றால் மண்டை பிளக்கும். பந்தலுக்குள் குனிந்து நுழைந்தால் பச்சை நிழல், ஈரமண் வாசம், தலைக்கு மேல் கருநீலக் கொத்துகள். இதுதான் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. தாவர நூல்களில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். குளிர்தேசத்துக் கொடி.

குளிர்தேசத்தில் திராட்சை எப்படி வாழ்கிறது தெரியுமா? ரஷ்யாவில் தோன் ஆற்றங்கரை விவசாயிகள் பனிக்காலம் வருமுன் கொடிகளைத் தரையோடு சாய்த்து மண்போட்டு மூடிவிடுவார்கள். பனி உருகியதும் தோண்டி எடுத்துக் கட்டுவார்கள். கோடைத் தொடக்கத்தில் கொடி பூக்கும், ஆண்டுக்கு ஒரே மகசூல்.  கொடிக்கு அந்தப் பனிக்காலத் தூக்கம் தேவைப்படுகிறது.

கம்பத்தில் பனி ஏது? கொடியைத் தூங்கவைப்பது எப்படி? இங்கே அந்த வேலையைக் கத்தரிக்கோல் செய்கிறது. கவாத்து என்பார்கள். இலையை உருவிக் கொடியை வெட்டிவிட்டால் அது மொட்டையாக நிற்கும். பிறகு கணுவில் தளிர் வெடிக்கும், பூக்கும், ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். இரண்டு ஆண்டில் ஐந்து அறுப்பு எடுக்கிறார்கள். ஒருவர் தோட்டத்தில் இன்று கவாத்து, அடுத்தவர் தோட்டத்தில் பூ, அதற்கடுத்ததில் அறுப்பு. அதனால்தான் எந்த மாதம் போனாலும் சாலையோரத்தில் பெட்டி பெட்டியாகப் பழம் இருக்கிறது. மூன்று பருவங்களை ஒரே வாய்க்கால் வரப்பில் நடந்து பார்க்க உலகில் எத்தனை இடம் இருக்கும்? பனிக்காலத்தையே கையால் செய்துகொண்ட விவசாயிகள் இவர்கள். எனக்கு இவர்கள்மேல் தீராத மரியாதை.

அந்த முல்லையாற்றுத் தண்ணீருக்கு வருவோம். கூடலூர் தாண்டி லோயர் கேம்ப்பில் இறங்குங்கள். நிமிர்ந்து பார்த்தால் மலைச்சரிவில் நான்கு பெரிய குழாய்கள் இறங்குவது தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை அணைகட்டி நிறுத்தி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டார்கள். 1895இல் முடிந்த வேலை. முன்னின்று கட்டியவர் பொறியாளர் ஜான் பென்னிகுயிக். சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல்தூளும் கொண்டு, காட்டு வெள்ளத்தோடும் மலேரியாவோடும் போராடிக் கட்டியது. கூலிவேலைக்குப் போய்க் காட்டிலேயே மாண்டவர்கள் ஏராளம். அவர்கள் பெயர்கள் யாருக்கும் தெரியாது. பென்னிகுயிக்குக்கு இங்கே மணிமண்டபம் இருக்கிறது. தைப்பொங்கலன்று அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரையே சூட்டுகிறார்கள். அவர் படத்துக்கு மாலை போடும்போது அந்தப் பெயர் தெரியாதவர்களுக்கும் ஒரு பூ வைக்க வேண்டும் என்று நான் எப்போதும் நினைப்பேன்.

இப்போது வயல்கள் வெறுமையாகத்தான் கிடக்கும். அணையில் போதிய நீர் இருந்தால் ஜூன் 1ஆம் தேதி முதல் போகத்துக்குத் திறப்பார்கள். 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதற்காகக் காத்திருக்கிறது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவதும் அதே நாளை ஒட்டித்தான். வைகாசியின் கடைசி வாரத்தில் வந்தால் மேற்கு மலைமுகட்டில் மேகம் கறுத்து நிற்பதையும், காற்றில் சாரல் வாடை ஏறுவதையும் நீங்களே உணரலாம்.

சித்திரையில் வந்தாலும் குறையில்லை. குடிநீருக்கென்று விடும் கொஞ்சத் தண்ணீர் பாறைகளுக்கிடையே ஓடிக்கொண்டிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகக் கால் நனையுங்கள். உச்சிவெயிலிலும் சில்லென்று ஏறும். உங்கள் காலைத் தொட்ட அந்தத் தண்ணீர் கம்பம், உத்தமபாளையம், வீரபாண்டி எல்லாம் கடந்து வைகையில் சேர்ந்து, வைகை அணையில் தங்கி, நாம் காலையில் ரயிலேறிய மதுரையின் குழாய்களுக்குத்தான் போகிறது.