ஆறிய பிறகும் ருசிக்க வேண்டும்

ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் வழக்கம் பிரிட்டனில் எவ்வளவு பரவலானது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். லங்காஷயர் பக்கத்தில் அதற்கு ‘ஜேக்கப்ஸ் ஜாயின்’ என்று பெயர். தேவாலய மண்டபம், பள்ளிக்கூடம், அலுவலகம் என்று எங்கும் நடக்கிறது. 2009இல் ஈடன் புராஜெக்ட் என்ற அமைப்பு தொடங்கிவைத்த ‘பிக் லஞ்ச்’ என்னும் கூட்டு விருந்து இயக்கம் அதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்விட்டது. இப்படிப்பட்ட விருந்துக்குப் பாரம்பரியமான பிரிட்டிஷ் உணவு ஒன்று கொண்டுவரச் சொன்னால், பெரும்பாலோர் பெயர்பெற்ற பண்டமாகப் பார்த்துத்தான் கையில் எடுக்கிறார்கள். தொலைக்காட்சிச் சமையல் போட்டிகளைப் பார்த்துவிட்டு, மாட்டிறைச்சியை மாவில் சுற்றிச் சுடும் பீஃப் வெலிங்டன் செய்யக் கிளம்புகிறவர்களும் உண்டு. இந்த மோகத்தில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. பண்டத்தின் புகழ் எதற்கு? மேசையில் ஒரு மணி நேரம் கிடந்த பிறகு அது என்ன கதியில் இருக்கும் என்று பாருங்கள். கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். ஆறினால் ருசிக்குமா? வழியில் குலையாமல் வருமா? ஒரு கத்தியை வைத்துக்கொண்டு பங்கிட முடியுமா?

புகழ்பெற்ற பண்டங்கள் இந்தக் கேள்விகளில் எப்படித் தோற்கின்றன பாருங்கள். யார்க்‌ஷயர் புட்டிங்கில் கரைத்த மாவு கொதிக்கும் கொழுப்பில் விழுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி அதை உப்பவைக்கிறது. அடுப்பை விட்டு வெளியே வந்த சில நிமிடங்களில் அந்த உப்பல் தொய்ந்துவிடும். பொரித்த மீனும் சிப்ஸும் டப்பாவுக்குள் போனால் தங்கள் ஆவியிலேயே நனைந்து நமுத்துப் போகும். பீஃப் வெலிங்டனில் இறைச்சிச் சாறு அடிமாவில் இறங்கி அதை ஊறவைத்துவிடும். டிரைஃபிள் என்ற அடுக்கு இனிப்பு கண்ணாடிக் கிண்ணத்தில் அழகாக இருக்கும், ஆனால் முதல் கரண்டி விழுந்ததும் அடுக்குகள் கலைந்து கூழாகிவிடும். 2011இல் புவிசார் குறியீடு பெற்ற கார்னிஷ் பேஸ்ட்டி நல்ல பயணிதான். ஆனால் அது ஓர் ஆள் கையில் பிடித்து முழுதாகத் தின்பதற்கென்று மடித்தது. நாலு பேருக்கு வெட்டினால் உள்ளிருப்பது கொட்டிப்போகும். வீட்டில் சுடச்சுடத் தட்டில் வைத்தால் இவை எதிலும் குறை காண முடியாது. கூட்டு விருந்து மேசை வேறு, வீட்டு மேசை வேறு.

அரண்மனைச் சமையலே இந்தப் பாடத்தை இருமுறை சொல்லியிருக்கிறது. 1953இல் இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது, சுமார் 350 விருந்தினருக்குச் சாப்பாடு போடும் பொறுப்பு கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் ரோஸ்மேரி ஹியூமும் நடத்திய சமையல் பள்ளியிடம் வந்தது. அத்தனை பேருக்கும் சூடாகப் பரிமாற அங்கே சமையலறை வசதி போதாது. அதனால் கோழியை முன்கூட்டியே வேகவைத்து, ஆறவைத்து, கறிப்பொடி வாசனையுள்ள மென்மையான சாஸில் கலந்து குளிர்ச்சியாகவே பரிமாறினார்கள். இன்றும் கடைகளில் சாண்ட்விச்சுக்குள் இருக்கும் காரனேஷன் சிக்கன் அப்படிப் பிறந்ததுதான். 2023இல் மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோது, தெருவிருந்துகளுக்கென்று கீரையும் அவரையும் போட்ட கீஷ் ஒன்றை, அதாவது முட்டைக் கலவையை மாவுத்தட்டில் ஊற்றிச் சுடும் பண்டத்தை, அறிவித்தார்கள். கீஷ் பிரெஞ்சுக்காரர்களுடையதாயிற்றே என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன காரணம் சரியானது: சூடாகவும் சாப்பிடலாம், ஆறியும் சாப்பிடலாம், பலருக்குப் பங்கிடலாம். அதே காரணத்துக்கு இங்கிலாந்திலேயே பிறந்த இன்னும் நல்ல விடை ஒன்று இருக்கும்போது பிரெஞ்சுக்காரர்களிடம் போயிருக்க வேண்டியதில்லை என்பதுதான் என் குறை.

அந்த விடை, பன்றி இறைச்சியை மாவுக்கூட்டில் அடைத்துச் சுடும் மெல்ட்டன் மோப்ரே போர்க் பை. மெல்ட்டன் மோப்ரே லெஸ்டர்ஷயரில் உள்ள ஒரு சந்தை ஊர்; அதன் பக்கத்தில்தான் ஸ்டில்ட்டன் சீஸ் செய்கிறார்கள். பால் திரிந்து சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரைப் பன்றிகளுக்கு ஊற்றினார்கள், பன்றிகள் கொழுத்தன, இறைச்சி மலிந்தது. குளிர்காலத்தில் நரிவேட்டைக்கு வந்தவர்கள் இந்தப் பையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குதிரையேறினார்கள். 1831இல் எட்வர்ட் அட்காக் என்பவர் இதைக் குதிரை வண்டியில் லண்டனுக்கு அனுப்பி விற்கத் தொடங்கினார். சுமார் நூறு மைல் தூரம், அந்தக் காலத்துச் சாலை. வழியில் குலையாமல் வருமா என்ற கேள்விக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ரகசியம் மாவில் இருக்கிறது. சாதாரணப் பேஸ்ட்ரிக்குக் குளிர்ந்த கொழுப்பை மாவில் பிசிறுவார்கள்; இதில் பன்றிக் கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, அந்தக் கொதியோடு மாவில் ஊற்றிப் பிசைவார்கள். மாவிலுள்ள ஸ்டார்ச் பாதி வெந்துவிடும். சூடு இருக்கும்வரை அது களிமண்போல வளைந்து கொடுக்கும், ஆறினால் விறைத்து நிற்கும். உருளையான மரக்கட்டையைச் சுற்றி அதைக் கையால் மேலே ஏற்றி, கட்டையை உருவிவிட்டு, உள்ளே இறைச்சியை அடைத்து மூடுவார்கள். தகர அச்சு எதுவும் இல்லாமல் அப்படியே அடுப்பில் வைப்பதால் பக்கங்கள் வெளியே தொந்திபோலப் புடைக்கும். நல்ல பையை அந்தத் தொந்தியைப் பார்த்தே கண்டுகொள்ளலாம்.

உள்ளே உப்பேற்றிப் பதப்படுத்தாத பச்சை இறைச்சியைப் பொடியாக வெட்டி, உப்பும் மிளகும் போட்டு அடைக்கிறார்கள். அதனால் வெந்ததும் சாம்பல் நிறமாக இருக்கும்; பதப்படுத்திய இறைச்சி போட்ட மற்ற பைகளில்தான் ரோஜா நிறம். வேகும்போது இறைச்சி சுருங்கி, மாவுக்கூட்டுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழுகிறது. அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை நடக்கிறது. பன்றிக் காலையும் எலும்பையும் நெடுநேரம் கொதிக்கவைத்து எடுத்த சாற்றை, மூடியிலுள்ள சிறு துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ராத்திரி முழுக்கக் குளிரவிடுகிறார்கள். சாறு உறைந்து ஜெல்லியாகி இடைவெளியை அடைக்கும். காற்று உள்ளே புகாது. கத்தி வைத்தால் துண்டு உதிராது. ஆறினால் ருசிக்குமா என்று கேட்டோமே, இது ஆறினால்தான் ருசிக்கும். சூடாக வெட்டினால் சாறு ஒழுகிவிடும். முதல் நாளே செய்து முடிக்க வேண்டிய பண்டம், முதல் நாளே செய்தால் மேலும் நன்றாக இருக்கும் பண்டம். ஆறினால் ருசிக்கும், வழியில் குலையாது, ஒரு கத்தி போதும்.

சூடில்லாத சாப்பாடு ஒரு சாப்பாடா என்று கேட்பவர்கள் புளியோதரையை நினைத்துக்கொள்ளட்டும். ஆறிய பிறகு ருசிக்கும்படி திட்டமிட்டுச் சமைப்பது வேறு, சமைத்ததை ஆறவிட்டுக் கெடுப்பது வேறு. பாதுகாப்புக் கணக்கும் குளிர்ந்த உணவின் பக்கமே நிற்கிறது. இங்கிலாந்து உணவகங்களுக்கான விதிப்படி, சூடான உணவு 63 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் இரண்டு மணி நேரம்தான் வெளியே வைக்கலாம். குளிரூட்டிய உணவுக்கு நான்கு மணி நேரம் உண்டு. கனமான ஆட்சேபம் இனிமேல்தான்: பன்றி இறைச்சி எல்லோரும் உண்பதில்லை. முஸ்லிம்களும் யூதர்களும் சைவர்களும் வரும் மேசையில் இது பாதிப் பேரை ஒதுக்கிவிடாதா? ஒதுக்கும். அப்படிப்பட்ட மேசையில் இதுவே ஒரே பண்டமாக இருக்கக் கூடாது. அதே மூன்று கேள்விகளைக் கேட்டால் வேறு விடைகளும் கிடைக்கும். லங்காஷயரின் சீஸ்-வெங்காயப் பை இருக்கிறது. வட இங்கிலாந்தில் நவம்பர் 5ஆம் தேதி, சொக்கப்பனை போலத் தீ மூட்டிக் கொண்டாடும் நாளில் தின்னும் பார்க்கின் இருக்கிறது. ஓட்ஸ், கறுத்த வெல்லப்பாகு, இஞ்சிப்பொடி போட்டுச் சுட்ட அந்தக் கேக்கைச் சில நாள் டப்பாவில் மூடிவைத்தால்தான் பதமாகி மெத்தென்று ஆகும். ஆனால் ஒரு எச்சரிக்கை. முடிசூட்டு விழாக் கீஷுக்கு அரண்மனை வெளியிட்ட குறிப்பிலேயே, அடிமாவுக்கு வெண்ணெயோடு பன்றிக் கொழுப்பும் இருந்தது. கீரை தெரிகிறது என்பதால் மட்டும் எதுவும் சைவமாகிவிடாது.

இவ்வளவு வேலை யாரால் முடியும் என்று மலைக்காதீர்கள். இங்கிலாந்துக்காரர்களே போர்க் பையைப் பெரும்பாலும் இறைச்சிக் கடையிலும் பேக்கரியிலும்தான் வாங்குகிறார்கள். வாங்கிக் கொண்டுபோவதில் இழுக்கில்லை. பக்கங்கள் புடைத்த பெரிய பையாகப் பார்த்து வாங்குங்கள். முழுதாகக் கொண்டுபோய் மேசையில் வைத்து வெட்டுங்கள். பக்கத்தில் கொஞ்சம் கடுகு சாஸும் வெங்காய ஊறுகாயும் போதும். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதிய சீட்டு ஒன்றை மறக்காமல் தட்டருகே வையுங்கள்.