ரைன் ஆற்றின் இரு கரைகளில் ஒரு கல்வி

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் தூதுக்கெனத் தனி அதிகாரம் ஒன்றை வகுத்தார். அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார் என்பதைப் புறநானூறு காட்டுகிறது. இரண்டு அரசுகளுக்கு இடையே நிற்பவர்க்குச் சொல் ஒன்றே கருவி. ஆதலின் தூது புலவர்க்கு அயலான தொழில் அன்று. இக்காலத்தில் அரசுகளுக்கிடையேயான இவ்வறிவுக்குப் பன்னாட்டுறவு என்று பெயர். பல்கலைக்கழகங்களில் அது தனியொரு துறை. அத்துறையை, ஒரு காலத்தில் ஒன்றையொன்று அழிக்க முயன்ற இரு நாடுகளிலும் சென்று பயின்று, இரு நாட்டின் பட்டத்தையும் ஒருங்கே பெறும் முறை ஒன்று பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே வேரூன்றியிருக்கிறது. அதன் தோற்றமும் பயனும் குறையுமே இவ்வுரையின் பொருள்.

இரு கவிஞர்களின் முடிவு

பொருளுக்குள் நுழையுமுன் இரு கவிஞர்களை நினைவுகூர்தல் தகும். எர்ன்ஸ்ட் ஷ்டாட்லர் 1883 இல் அல்சாசு நாட்டின் கோல்மார் நகரில் பிறந்தவர். ஸ்ட்ராஸ்பூர், மியூனிக், ஆக்ஸ்போர்டு ஆகிய இடங்களில் கற்றார். பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். ஜெர்மன் மொழியில் கவிதை எழுதிய அவர், பிரெஞ்சுக் கவிஞர் ஷார்ல் பெகீயின் எழுத்துகளை ஜெர்மனில் பெயர்த்தார். 1914 இல் போர் மூண்டது. பெகீ பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, செப்டம்பர் 5 ஆம் நாள் பாரிசுக்குக் கிழக்கே குண்டடிபட்டு மாண்டார். ஷ்டாட்லர் ஜெர்மன் படையில் நின்று, அக்டோபர் 30 ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே மாண்டார். மொழிபெயர்த்தவரும் மொழிபெயர்க்கப்பட்டவரும் இரண்டு மாத இடைவெளியில், எதிரெதிர்ச் சீருடைகளில் மடிந்தனர்.

ஷ்டாட்லர் பிறர் மொழியை அறியாதவர் அல்லர். மூன்று நகரங்களில் கற்றவர். ஆயினும் அவரது கல்வி அவர் ஒருவரின் உடைமையாகவே இருந்தது. அரசுகள் அதனைத் தமது உடைமையாகக் கொள்ளவில்லை. தனிமனிதனின் பண்பாடு எத்துணை விரிந்ததாயினும், அதற்கு நிறுவனத்தின் துணை இல்லையேல் அது ஒரு படைத்திரட்டல் ஆணைக்கு முன் நில்லாது. இவ்வுண்மையிலிருந்தே கூட்டுக் கல்வியின் வரலாற்றைத் தொடங்க வேண்டும்.

தோல்வியில் பிறந்த கல்விக்கூடங்கள்

1870-71 ஆம் ஆண்டுப் போரில் பிரான்ஸ் தோற்றது. அல்சாசும் லொரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனியின் வசமாயின. வாளின் போரோடு ஏட்டின் போரும் நடந்தது. ரோம வரலாற்றறிஞர் மொம்சன், மொழியாலும் மரபாலும் அல்சாசு ஜெர்மனிக்கே உரியது என்று வாதிட்டார். அல்சாசு மக்கள் எந்நாட்டோடு வாழ விரும்புகின்றனரோ அந்நாட்டுக்கே உரியர் என்று பிரெஞ்சு அறிஞர் ஃபுஸ்தெல் து கூலான்ஷ் 1870 அக்டோபரில் மறுமொழி எழுதினார். 1882 இல் எர்னெஸ்ட் ரெனான் சொர்போனில் ஆற்றிய உரை இவ்வழியில் வந்ததே. நாட்டினம் என்பது குருதியாலும் மொழியாலும் ஆவதா, சேர்ந்து வாழும் விருப்பத்தால் ஆவதா என்னும் வினா அன்று எழுந்தது, இன்றுவரை ஓயவில்லை.

தோல்விக்குக் காரணம் படைக்கலக் குறைவு மட்டுமன்று, அறிவுக் குறைவும்தான் என்று கருதியோர் பிரான்சில் பலர். அவர்களுள் ஒருவரான எமில் பூத்மி 1872 இல் பாரிசில் அரசியல் கல்விக்கெனத் தனிப் பள்ளி ஒன்றைத் திறந்தார். இன்று சியான்ஸ் போ என வழங்கும் நிறுவனத்தின் வேர் அதுவே. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து, முதல் உலகப்போரில் ஜெர்மனி தோற்றது. 1920 இல் பெர்லினில் அரசியல் உயர்கல்விக்கூடம் ஒன்று தோன்றியது. நாஜிகள் 1933 இல் அதனைக் கைப்பற்றினர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மீண்டும் நிறுவப்பெற்ற அது, 1959 இல் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாயிற்று. ஆக, ஒன்று ஜெர்மனியிடம் தோற்றதனால் பிறந்தது. மற்றொன்று பிரான்சு உள்ளிட்ட நாடுகளிடம் தோற்றதனால் பிறந்தது. இவ்விரு கல்விக்கூடங்களும் இன்று கைகோத்து இரட்டைப் பட்டம் வழங்குகின்றன என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பன்னாட்டுறவு என்னும் துறையும் துயரத்தின் குழந்தையே. வேல்ஸ் நாட்டின் அபரிஸ்ட்வித்தில் 1919 இல் உலகின் முதல் பன்னாட்டு அரசியல் பேராசிரியர் பதவி நிறுவப்பெற்றது. டேவிட் டேவிசும் அவர் உடன்பிறந்த சகோதரியரும், போரில் மடிந்த மாணவர் நினைவாக அதற்குப் பொருளுதவினர். நடுகல் எழுப்பும் மரபினர்க்கு இச்செயலின் பொருள் எளிதில் விளங்கும்.

எல்லை கடந்து சென்ற பல்கலைக்கழகம்

1871 முதல் 1945 வரை அல்சாசு மக்கள் நான்கு முறை நாடு மாறினர்; தம் வீட்டை விட்டு ஓர் அடியும் நகராமலே மாறினர். ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகமும் அவ்வாறே மாறியது. 1872 இல் அது ஜெர்மன் பேரரசின் பல்கலைக்கழகமாகத் திறக்கப்பெற்றது. 1919 இல் பிரெஞ்சுப் பல்கலைக்கழகமாயிற்று. 1939 இல் ஆசிரியரும் மாணவரும் பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள கிளெர்மோன்-ஃபெரானுக்குக் குடிபெயர்ந்தனர். ஸ்ட்ராஸ்பூரில் 1941 இல் நாஜி அரசு தனக்கென ஒரு பல்கலைக்கழகத்தைத் திறந்தது. 1943 நவம்பர் 25 ஆம் நாள் கெஸ்டாப்போ கிளெர்மோனுக்கே சென்று ஆசிரியரையும் மாணவரையும் வளைத்துப் பிடித்தது. பலர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பெற்றனர். அங்குப் பல ஆண்டு வரலாறு கற்பித்துப் பின்னர்ப் பாரிசுக்குச் சென்ற மார்க் புளோக், எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்து 1944 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவ்வெல்லை நிலத்தின் மக்களுள் ஒருவர் ராபர்ட் ஷூமன். 1886 இல் லக்சம்பர்க்கில் பிறந்தவர். தந்தை வழியால் ஜெர்மன் குடிமகன். பான், மியூனிக், பெர்லின், ஸ்ட்ராஸ்பூர் ஆகிய ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் சட்டம் கற்று மெட்ஸ் நகரில் வழக்குரைஞரானார். போர் முடிந்தபின் பிரெஞ்சுக் குடிமகனாகிப் பாராளுமன்றம் புகுந்தார். அவரே 1950 மே 9 ஆம் நாள், பிரான்சின் வெளியுறவு அமைச்சராக நின்று, இரு நாட்டு நிலக்கரியையும் எஃகையும் பொது ஆட்சியின்கீழ் வைப்போம் என அறிவித்தார். பீரங்கி வார்க்கும் பொருளையே பொதுவாக்கிவிட்டால் போர் தொடுப்பது எங்ஙனம் என்பது அதன் உட்பொருள். இரு நாட்டுக் கல்வி ஓர் அரசியலாளரிடத்தில் என்ன விளைவிக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேட வேண்டுவதில்லை.

ஒப்பந்தமும் பட்டமும்

1963 ஜனவரி 22 ஆம் நாள் பாரிசின் எலிசே மாளிகையில் தெ கோலும் அடெனாவரும் நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். வெளியுறவு, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு அடுத்து இளைஞரும் கல்வியும் அதில் இடம்பெற்றன. ஒருவர் மொழியை மற்றவர் கற்றல், பட்டங்களையும் தேர்வுகளையும் இணையாக மதித்தல் ஆகியன அதில் எழுதப்பெற்றன. எழுதியது நடைமுறையாக நெடுங்காலம் பிடித்தது. 1978 இல் மெட்ஸும் சார்புரூக்கனும் இணைந்து தொழில்நுட்பத்தில் கூட்டுக் கல்வியைத் தொடங்கின. 1997 இல் வைமர் நகரில் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, சார்புரூக்கனைத் தலைமையிடமாகக் கொண்டு பிரெஞ்சு-ஜெர்மன் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அதற்குப் பெரிய வளாகமில்லை, விரிவுரைக் கூடமுமில்லை. இரு நாடுகளின் கல்விக்கூடங்களை இணைத்து, கூட்டுப் பாடத்திட்டங்களுக்குப் பொருளுதவி அளித்து, தரம் பார்ப்பதே அதன் பணி. சட்டம், பொறியியல், வணிகம், வரலாறு எனப் பல துறைகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் அதன் நிழலில் பயில்கின்றனர். 2000 இல் சியான்ஸ் போ, லொரேனின் நான்சி நகரில் பிரெஞ்சு-ஜெர்மன் வளாகம் ஒன்றைத் திறந்தது. அங்குத் தொடங்கிப் பெர்லினில் தொடரும் வழியும் அரசியல் மாணவர்க்கு உண்டு.

வகுப்பறையில் நிகழ்வது

இரண்டு பட்டம் என்பது இரண்டு தாள்கள் அன்று; இரண்டு சிந்தனை மரபுகள். பிரான்சில் கட்டுரை எழுதுவது ஒரு கட்டடக் கலை. ஒரு வினாவை எழுப்பி, அதனை இரு பகுதியாகவோ மூன்று பகுதியாகவோ பிரித்து, ஒவ்வொன்றும் மற்றதற்கு எடையொத்து நிற்குமாறு சில மணி நேரத்திற்குள் எழுதி முடிக்க வேண்டும். ஜெர்மனியில் மாணவன் வாரக்கணக்கில் நூலகத்தில் அமர்ந்து, பதினைந்து இருபது பக்கத்தில், முன்னோர் கூறியவற்றையெல்லாம் எடைபோட்டுத் தன் முறையியலை விளக்கிய பின்னரே தன் கருத்தைக் கூற வேண்டும். முன்னதில் பழகியவனுக்குப் பின்னது சுற்றிவளைப்பாய்த் தோன்றும். பின்னதில் பழகியவனுக்கு முன்னது வெறும் சொல்லழகாய்த் தோன்றும். மதிப்பெண்ணும் தலைகீழ். பிரான்சில் இருபதுக்குப் பதினான்கு பெற்றவன் மகிழ்வான்; ஜெர்மனியிலோ ஒன்று என்பதே உயர்ந்தது, ஐந்து என்பது தோல்வி.

சொற்களும் ஏமாற்றும். 'கொன்செப்ட்' என்னும் சொல் இரு மொழியிலும் உண்டு. பிரெஞ்சுக்காரர்க்கு அது பேசித் தீர்க்க வேண்டிய ஒரு தொடக்கக் கருத்து. ஜெர்மானியர்க்கோ பெரும்பாலும் ஆய்ந்து முடித்த திட்டம். ஒரே சொல்லைச் சொல்லி இருவரும் உடன்பட்டதாக எண்ணிப் பிரிவர். பூசல் பின்னர் எழும். பிரான்சின் 'லாயிசித்தே'யைச் சமயச் சார்பின்மை என்று பெயர்த்தாலும், அரசே தேவாலய வரியைத் திரட்டித் தரும் ஜெர்மனியில் வளர்ந்த மாணவனுக்கு அதன் முழுப் பொருள் எட்டாது. மொழிபெயர்ப்பின் இடர் அறிந்த கவிஞர்க்கு இவையெல்லாம் புதியன அல்ல. பன்னாட்டு உடன்படிக்கைகளில் ஒரு சொல்லின் இரு பொருள் என்ன செய்யும் என்பதை மாணவன் முதலாண்டிலேயே தன் தோலில் உணர்கிறான்.

இக்கல்வியின் உயிர் ஈண்டுதான் இருக்கிறது. தன் ஊரில் முதன்மை பெற்ற மாணவன், அயல்நாட்டு வகுப்பறையில் வாய் திறக்கத் தயங்குகிறான். அவனுடைய எண்ணம் பெரியது. அவனிடமுள்ள சொல்லோ சிறியது. பாட்டனார் காலத்தில் எதிரியாய் இருந்தவரின் மொழியில், அவர் பேரர்கள் முன்னிலையில், அவன் பிழைபடப் பேசி, திருத்தப்பெற்று, மீண்டும் பேசுகிறான். அவர்களும் மறு ஆண்டில் அவன் நாட்டில் அவ்வாறே தடுமாறுகின்றனர். மொம்சனையும் ஃபுஸ்தெலையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும்போது, எந்தப் பக்கம் தன் பக்கம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தல் அவனுக்கு அரிதாகிறது. நிறுவனம் செய்வது இவ்வளவே: இத்தடுமாற்றத்தை இருவர்க்கும் சமமாகப் பங்கிட்டு, அதற்குக் காலமும் பொருளும் ஒதுக்கித் தருகிறது. ஷ்டாட்லர் தனியே செய்ததை இன்று ஆயிரவர் கூட்டாகச் செய்கின்றனர்.

குறைகள்

புகழ் மட்டும் கூறி முடித்தல் நேர்மையன்று. முதற்குறை, இக்கல்வி எல்லார்க்கும் எட்டுவதன்று. சிறு பருவத்திலேயே அயல்மொழி கற்கும் வாய்ப்புடைய குடும்பத்துப் பிள்ளைகளுக்கே வாயில் எளிதில் திறக்கிறது. இரண்டாவது, இரு நாட்டிலும் மற்றவர் மொழியைக் கற்பதில் ஆர்வம் தளர்ந்துவருகிறது என்னும் கவலை நெடுநாளாக உண்டு. 2019 ஆம் ஆண்டின் ஆகன் ஒப்பந்தம் மொழிக்கல்வியை மீண்டும் வலியுறுத்தியதே அதற்குச் சான்று. கூட்டுப் பாடங்கள் பல ஆங்கிலத்தில் நடத்தப்பெறுகின்றன. ஆங்கிலத்தால் கற்பித்தல் எளிதாகிறது. இருவரும் நடுவழியில் சந்திக்கின்றனர். ஆனால் எவரும் எவர் வீட்டுக்கும் செல்வதில்லை. பட்டம் இரண்டாகவே இருக்கும், தடுமாற்றம் போய்விடும், தடுமாற்றம் போனால் பயனும் போய்விடும்.

மூன்றாவது, இருவர் இணைதல் மூன்றாமவரை மறத்தலாக முடியலாகாது. 2003 இல் இரு நாட்டு இளையோர் பாராளுமன்றம் விரும்பியவாறு, பள்ளி மாணவர்க்குப் பொது வரலாற்று நூல் 2006, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்தது. இரு நாட்டு ஆசிரியரும் உடன்படாத இடங்கள் அதில் மறைக்கப்படவில்லை. அமெரிக்காவின் பங்கை மதிப்பிடுவதில் இருவரும் வேறுபட்டமை அத்தகைய ஒன்று. அது பாராட்டத்தக்கது. ஆயினும் இரு நாடுகளின் கதையாக ஐரோப்பாவைச் சொல்லும்போது, போலந்தும் பிரான்சின் குடியேற்ற நாடுகளும் ஓரத்துக்குச் சென்றுவிடும் இடர் உண்டு. அவ்விடருக்கு மாற்றும் அங்கேயே பிறந்தது. ஓடர் ஆற்றங்கரையில் 1991 இல் நிறுவப்பெற்ற வியாட்ரினா பல்கலைக்கழகம் ஜெர்மன் கரையில் நிற்க, பாலத்துக்கு அப்பால் போலந்தின் சுவூபிட்சே நகரில் கொலேகியும் போலோனிகும் நிற்கிறது. மாணவர் பாலத்தின்மீது நடந்தே நாடு விட்டு நாடு சென்று வகுப்பில் அமர்கின்றனர்.

நிறைவுரை

கல்வி போரைத் தடுக்கும் என்று உறுதி கூறுதல் இயலாது. 1914 இல் போரிட்ட இரு நாடுகளும் கல்வியிற் சிறந்தவையே. கற்ற பேராசிரியர்களே தத்தம் அரசின் போரை நியாயப்படுத்தி அறிக்கை எழுதினர். ஆனால் எத்தகைய கல்வி என்னும் வினா உண்டு. தன் நாட்டின் வழக்கைத் திறம்பட எடுத்துரைக்கக் கற்பிப்பது ஒருவகைக் கல்வி. எதிர் வழக்கை அவர் மொழியிலேயே, அவர் ஒப்புமாறு எடுத்துரைக்கக் கற்பிப்பது பிறிதொருவகை. முன்னது வழக்குரைஞரை ஆக்கும். பின்னது தூதரை ஆக்கும். நல்ல மொழிபெயர்ப்பாளனும் பின்னவனுக்கே உறவினன்.

ஷ்டாட்லரின் மேசையில் பெகீயின் பக்கங்கள் திறந்திருந்த காலத்தில், அவ்வுறவுக்குக் காவலாக ஒரு நிறுவனமும் இல்லை. இன்று இருக்கிறது. அது பகையின் நினைவிலிருந்து கட்டப்பெற்றது. நினைவு மங்கினால் அதுவும் மங்கும். அதனைக் காப்பது அரசர் கையெழுத்து மட்டுமன்று. அயலார் மொழியில் பிழைபடப் பேச நாணாத இளைஞரும், அப்பிழையைக் கேட்டு நகையாத அயலாருமே அதனைக் காப்பவர். கவிதையைத் தம் மொழிக்குக் கொணர்ந்தும், தம் கவிதையைப் பிறமொழிக்குக் கொடுத்தும் பழகிய இவ்வட்டத்தார்க்கு அப்பணி புதிதன்று.

வாழ்க நும் பணி. வளர்க நும் வட்டம்.