'மக்கு' என்று யாரைச் சொல்கிறோம்?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கூலி, பஞ்சப்படி, வேலைப்பளு - இந்த மேடையில் வழக்கமாக நாம் பேசுவது இவற்றைப் பற்றித்தான். இன்று நம் பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதிலும் ஒரு விதமான பிள்ளைகளைப் பற்றி.

கேள்வி கேட்டால் டக்கென்று பதில் சொல்வான். புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி ஓடாது. மனக்கணக்கில் பெரியவர்களைத் தோற்கடிப்பாள். பத்து நிமிஷம் ஒரே இடத்தில் உட்கார மாட்டாள். இப்படிப்பட்ட பிள்ளை ஒவ்வொரு லைன் வீட்டிலும், ஒவ்வொரு காலனித் தெருவிலும் உண்டு. இவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? 'மக்கு', 'தறுதலை', 'அடங்காப்பிடாரி'. பெயர் வைத்ததோடு நம் வேலை முடிந்தது என்று நினைத்துக் கொள்கிறோம்.

நாம் செய்த தவறு

பிறரைக் குறை சொல்லுமுன் நம் தவறைச் சொல்லிவிடுகிறோம். சுமார் இருபது வருஷத்துக்கு முன்பு, ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கும் தோழர் ஒருவரின் மகன் ஒன்பதாவது படித்துக் கொண்டிருந்தான். கூட்டத்தில் மைக் செட் மக்கர் செய்தால் அவன்தான் சரி செய்வான். அப்பாவின் கூலிச் சீட்டை யாராவது வாசித்துக் காட்டினால் போதும். எந்தப் பிடித்தத்தில் எத்தனை ரூபாய் தப்பு என்று உடனே சொல்வான். ஆனால் நம் பத்திரிகையின் தலைப்பைக் கூட அவனால் வாசிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் அடி, வீட்டில் அடி. கடைசியில் டி.சி.யைக் கையில் கொடுத்து விட்டார்கள்.

அந்தத் தோழர் நம்மிடம் யோசனை கேட்டு வந்தார். நாம் என்ன சொன்னோம்? "படிப்பு ஏறவில்லை. என்ன செய்வது? ஏதாவது வேலையில் சேர்த்து விடுங்கள்" என்றோம். அவன் மில்லுக்குப் போனான். இன்று அவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனார். மெஷினில் கோளாறு என்றால் பிட்டர் அவரைத்தான் கூப்பிடுகிறார். ஆனால் அவருக்குக் கிடைப்பது ஹெல்ப்பர் கூலி. சர்டிபிகேட் இல்லை அல்லவா? நோட்டீஸ் போர்டில் ஒட்டியதைப் படிக்கப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறார். அந்தக் கூலி வித்தியாசத்துக்கு நாமும் ஒரு பொறுப்பாளி, தோழர்களே!

எழுத்து வேறு, அறிவு வேறு

எழுத்து வராவிட்டால் அறிவு இல்லை என்று அன்று நாம் நினைத்தோம். ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இது தவறென்று எழுதி வைத்திருந்தார்கள். 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து டாக்டர், தம் நாட்டு மருத்துவப் பத்திரிகையில் பதினாலு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கண்ணில் கோளாறு இல்லை. வருஷக்கணக்கில் பாடம் சொல்லியும் சின்னச் சொற்களைக் கூட வாசிக்க முடியவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். அதே பையன் 749-ஐ 867-ஆல் சீக்கிரமாகவும் சரியாகவும் பெருக்கிக் காட்டினான். பாடம் முழுவதும் வாய்ப்பாடமாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய உபாத்தியாயர் சொன்னாராம்.

எழுத்தையும் அதன் ஒலியையும் இணைக்கும் வேலை மூளையில் நடக்கிறது. சிலருக்கு அந்த இணைப்பு மெதுவாக நடக்கும். இதற்கு 'டிஸ்லெக்சியா' என்று பெயர். இது சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல. பல குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும்.

நம் தமிழையே எடுத்துக் கொள்ளுங்கள். 247 எழுத்துக்கள். ல, ள, ழ என்று மூன்று. ன, ண, ந என்று மூன்று. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலியோ பின்னால் வருகிறது. நமக்குப் பழகிவிட்டதால் இது தெரிவதில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு வரியும் முள்வேலி.

இன்னொரு விதம் உண்டு. கவனம் ஓரிடத்தில் நிற்காது. கை கால் சும்மா இராது. கேள்வி முடியுமுன் பதில் குதிக்கும். இதுவும் மூளையின் வளர்ச்சியைச் சேர்ந்த விஷயம்தான். வளர்ப்பின் குற்றம் அல்ல.

ஒன்று மற்றொன்றை மறைக்கிறது

வாய்க்கால் நிறையத் தண்ணீர் போகிறது. மடை அடைத்துக் கிடக்கிறது. வயல் காய்கிறது. ஆற்றில் தண்ணீர் இல்லை என்று யாராவது சொல்வோமா? மடையைப் போய்ப் பார்க்க மாட்டோமா?

இந்தப் பிள்ளைகளின் கதி மூன்று விதம். கெட்டிக்காரன் என்று மாத்திரம் தெரிந்தால், நாலாவது ஐந்தாவது வரை கேள்வி ஞானத்திலேயே ஓட்டி விடுவான். பாடம் பெருத்ததும் விழுவான். "வேண்டுமென்றே படிக்கவில்லை" என்று அடி விழும். குறை மாத்திரம் தெரிந்தால், குழந்தைப் பாடத்தையே திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். அவன் சலித்துப் போய்ச் சேஷ்டை செய்வான். மூன்றாவது விதம்தான் மிக மோசம். திறமை குறையை மறைக்கும், குறை திறமையை மறைக்கும். 'சுமாரான பையன்' என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்து மறந்து விடுவார்கள்.

எப்படிக் கற்பிப்பது?

குறைக்கு உதவ வேண்டும். திறமைக்குத் தீனி போட வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். "முதலில் வாசிக்கக் கற்றுக்கொள், பிறகு கணக்குப் போடலாம்" என்றால் இரண்டும் கெடும்.

எழுத்துக்கு என்ன வழி? அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற டாக்டரும் கில்லிங்காம் என்ற ஆசிரியையும் வகுத்த முறையில், எழுத்தைக் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, காதால் கேட்டு, விரலால் வரைந்து, படிப்படியாகப் போகிறார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலை வைத்து 'ஆனா' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்களே, அதுவும் இந்த ஜாதிதான். அடியை விட்டுவிட்டு மணலை எடுத்துக் கொள்வோம்!

திறமைக்குத் தீனி என்றால் என்ன? மாடு கட்டிப் பழகியவர்களுக்கு இது பிடிக்கும். அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்று ஓர் அம்மையார். 1947-ல் பிறந்தவர். ஆட்டிசம் உள்ளவர், மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. கேலி செய்த மாணவி மேல் புத்தகத்தை வீசியதால் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். பிறகு, புத்திசாலிகளாகவும் ஆனால் நடத்தையில் சிக்கல் உள்ளவர்களாகவும் இருக்கும் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியில் சேர்ந்தார். ஒரு விடுமுறையில் அத்தையின் பண்ணையில், ஊசி போடுவதற்காக மாட்டைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும் சட்டத்தைப் பார்த்தார். அதில் மாடு அமைதியாவதைக் கண்டு, தம் பதற்றம் தீரத் தமக்கும் ஒன்று செய்து கொண்டார். பைத்தியக்காரத்தனம் என்றார்கள் பலர். கார்லாக் என்ற விஞ்ஞான ஆசிரியர் மாத்திரம், "அமைதி ஏன் வருகிறது? படித்துக் கண்டுபிடி" என்றார். அந்த ஒரு கேள்வியில் அந்தப் பெண் படிப்புக்குள் வந்தார்! 1989-ல் டாக்டர் பட்டம் பெற்றார். மாடுகளை மிரளவிடாமல் நடத்தும் கொட்டடிகளை வடிவமைப்பதில் உலகப் புகழ் பெற்றார்.

அவருடைய வீட்டில் வசதி இருந்தது, உண்மை. ஆனால் கார்லாக் கேட்ட கேள்விக்குக் காசு செலவாகவில்லை.

நம் மாலை வகுப்பில்

மூன்று வருஷத்துக்கு முன் நடவு வேலை செய்யும் ஒரு தாயின் மகள் நம் வகுப்புக்கு வந்தாள். உட்கார மாட்டாள், சண்டை. எழுத்தும் தடுமாற்றம். ஆனால் ஒரு ஏக்கருக்கு எத்தனை முடி நாற்று, எத்தனை ஆள் என்று நொடியில் சொல்வாள். இந்தத் தடவை நாம் அவசரப்படவில்லை. பத்து நிமிஷப் பாடம், பிறகு எழுந்து பலகை துடைக்கும் வேலை. மற்றவர்களுக்குக் கணக்குப் புதிர் போடும் பொறுப்பை அவளுக்கே கொடுத்தோம். சண்டை போட்டாலும் அந்தப் பொறுப்பைப் பறிக்கவில்லை. தாயாரை அழைத்துக்கொண்டு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்த்தோம். இப்போது அவள் பத்தாவது படிக்கிறாள். வாசிப்பு இன்னும் மெதுவுதான். சண்டையும் முழுதாக நிற்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று சொல்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்தது. கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. அதைச் சீக்கிரமே கண்டறிய வேண்டும், பரீட்சையில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் தர வேண்டும் என்று அது சொல்கிறது. இது தர்மம் அல்ல, உரிமை. ஆனால் கேட்காதவன் வாசலுக்கு எந்த உரிமையும் நடந்து வராது.

ஆகவே, தோழர்களே, மூன்று காரியம் செய்வோம். பிள்ளை மேல் கை ஓங்கு முன், எதில் அவன் கெட்டிக்காரன் என்று ஒன்றையாவது கண்டுபிடிப்போம். எழுத்து தடுமாறினால் காத்திராமல் ஆசிரியரிடமும், வட்டார வள மையத்திலும், அரசு ஆஸ்பத்திரியிலும் போய்ப் பரிசோதிக்கச் சொல்வோம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் பத்துப் பேராகப் போவோம். அது நமக்குத் தெரிந்த வேலைதானே!

கடைசியாக ஒன்று. நாம் முதலில் சொன்ன அந்த மில் தோழர் போன மாதம் தம் மகனை அழைத்துக்கொண்டு மாலை வகுப்புக்கு வந்தார். "தோழர், இவனுக்கும் என்னை மாதிரியே எழுத்து நிற்கவில்லை. இவனையும் வேலைக்குத்தான் அனுப்பச் சொல்வீர்களா?" என்று கேட்டார்.

நமக்குத் தலை குனிந்தது. "இல்லை, தோழர். பையனை உட்கார வையுங்கள்" என்றோம். மணல் தட்டை எடுத்து வைத்தோம். பையனுக்குப் பக்கத்தில் தகப்பனாரும் உட்கார்ந்தார்.